சீன மேசையில் அந்நிய ஒயின்: ‘நுகர்வோர்’ என்றொரு புனைவு

1

1974 ஏப்ரலில் பாரிசிலிருந்து ஐந்து பேர் சீனாவுக்குப் போனார்கள்: பிலிப் சோலர்ஸ், ஜூலியா கிறிஸ்தேவா, மார்சலன் ப்ளேனே, ஃபிரான்சுவா வால், ரோலான் பார்த். ‘தெல் கெல்’ பத்திரிகை மாவோவின் பக்கம் சாய்ந்திருந்த காலம் அது. தொழிற்சாலை, பள்ளிக்கூடம், கம்யூன் என்று சுற்றிக் காட்டினார்கள். எதைப் பார்த்தாலும் அதிலொரு குறியமைப்பைக் கண்டுபிடித்துவிடுகிற பார்த்துக்குச் சீனா கைகொடுக்கவில்லை. திரும்பி வந்து ‘ல மோந்த்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் மையமான சொல்லைத் தமிழில் ‘சப்பென்றிருத்தல்’ எனலாம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. மேலைநாட்டு அர்த்த வெறியிலிருந்து ஒரு விடுதலை என்பதுபோலத்தான் சொன்னார். ஆனால் வாசிப்பதற்குக் குறிகள் அகப்படவில்லை என்பதுதான் சங்கதி.

இதே பார்த் 1957 இல் வெளியான ‘மித்தாலஜீஸ்’ நூலில் ஒயினைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர் ஒயினைத் தங்கள் தேசத்தின் சொத்தாகவே உணர்கிறார்கள், அதைக் குடிக்கத் தெரிந்திருப்பது பிரெஞ்சுக்காரராக இருப்பதற்கான தகுதிகளில் ஒன்று என்று விளக்கிவிட்டு, முடிவில் வேறொன்றைச் சொல்கிறார். இந்தத் தொன்மம் அப்பாவித்தனமானதல்ல. அல்ஜீரியாவில் முஸ்லிம்களிடமிருந்து பறித்த நிலத்தில், அவர்களுக்கு ரொட்டிக்கே வழியில்லாதபோது, அவர்களுக்கு வேண்டாத திராட்சையைக் குடியேறிகள் பயிரிட வைத்தார்கள். ஆகவே ஒயினின் இனிமையை அதன் உற்பத்தியிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்கிறார்.

சப்பென்றிருந்த அந்தச் சீனம் நாற்பது வருஷத்துக்குள், 2013 இல், சிவப்பு ஒயின் குடிப்பதில் பிரான்சையே முந்திவிட்டதாகச் செய்தி வந்தது. அந்த ஓராண்டில் 186 கோடி பாட்டில் என்றார்கள். அதற்கடுத்த பத்தாண்டுகளில் அதே சந்தை மளமளவென்று சரிந்தது. சர்வதேசத் திராட்சை–ஒயின் அமைப்பின் கணக்கில் 2018 இல் ஏறத்தாழ 176 கோடி லிட்டராக இருந்த சீனக் குடிப்பு 2024 இல் ஏறத்தாழ 55 கோடி லிட்டராகிவிட்டது.

சீனருக்கு இறக்குமதி ஒயினை விற்க முடியுமா, முடியாதா என்பது வியாபாரிகளின் கவலை. நமக்கென்ன அதில் என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. உலகமயமாதலைப் போற்றுகிறவர்களும் சரி, எதிர்க்கிற நாமும் சரி, ‘நுகர்வோர்’ என்றொரு ஜீவனை முன்னனுமானமாக வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். அவர்களுக்கு அவன் தன்விருப்பப்படி தேர்ந்தெடுக்கும் ராஜா. நமக்கு அவன் விளம்பரத்தில் மயங்கிய ஏமாளி. சீனாவின் ஒயின் கதை இரண்டு தரப்பையும் சங்கடப்படுத்துகிறது. ஏனெனில் அங்கே இருபது வருஷம் கொழித்த சந்தையின் நடுவில் அப்படியொருவன் பெரிய அளவில் இருந்தானா என்பதே கேள்வியாகிவிட்டது.

2

முதலில் தலைக்கணக்கைப் பார்ப்போம். ‘ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கினாலே போதும்’ என்பது சீனச் சந்தையைப் பற்றிய மிகப் பழைய கனவு. சீனர் ஒவ்வொருவரும் சட்டையை ஒரு அங்குலம் நீளமாகப் போட்டால் லங்காஷயர் ஆலைகள் ஓயாமல் ஓடும் என்றொரு பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உண்டு. ஷாங்காயில் விளம்பர நிறுவனம் நடத்திய அமெரிக்கர் கார்ல் க்ரோ 1937 இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே ‘நாற்பது கோடி வாடிக்கையாளர்கள்’. இன்று அந்த எண் நூற்று நாற்பது கோடி. எண் மாறியதே தவிர வாக்கியம் மாறவில்லை.

இந்தக் கனவில் சீனர்கள் மனிதர்களாக வருவதில்லை, வாய்களாக வருகிறார்கள். பேச்சுக்கு மசியாத வாய்களைத் திறக்க என்ன செய்தார்கள் என்பது நமக்குத் தெரியும். 1839–42 அபினிப் போர் சந்தை திறக்கப்பட்ட கதைதான்.

சீனாவின் முதல் நவீன ஒயின் ஆலையின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. 1892 இல் ஷான்தோங் மாகாணத்தின் யன்தாய் துறைமுகத்தில் சாங்யூ நிறுவனத்தைத் தொடங்கியவர் சாங் பிஷி. குவாங்தோங்கின் ஏழை ஹக்கா குடும்பத்தில் பிறந்து, இளவயதில் பத்தேவியாவுக்குப் பிழைக்கப்போனவர். டச்சு ஆட்சியில் சாராயம், புகையிலை, அபினி ஆகியவற்றின் வரிக் குத்தகைகளை எடுத்துச் செல்வந்தரானவர். பினாங்கில் அவர் கட்டிய நீல மாளிகையை இன்றும் பார்க்கலாம். கூலிகளாகப் போன சீனர்கள் அபினிக்குக் கொடுத்த காசு இப்படிக் குத்தகைதாரர் கைக்கு வந்து, அந்நிய ஒயினுக்கு மாற்றாகச் சுதேசி ஒயின் தயாரிக்கும் தேசியக் கனவாக உருமாறியது. கொடிகள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. ஒயின் வடித்துக்கொடுக்க ஆஸ்திரியர் ஒருவர் இருந்தார். 1912 இல் சுன் யாட்-சென் ஆலைக்கு வந்து பாராட்டு எழுதிக்கொடுத்தார். 1915 இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் பதக்கங்கள் கிடைத்தன.

எல்லாம் சரி, குடித்தது யார்? துறைமுக நகரங்களின் வெள்ளையரும், அவர்களோடு பழகிய மேட்டுக்குடியினரும்தான். தேசத்தின் பெருமையாக ஒயின் இருந்தது. தேசம் குடித்தது வேறு.

3

அந்த ‘வேறு’ என்ன என்பதற்குச் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். சீனத்தில் ‘ஜியு’ என்பது நம்முடைய ‘மது’ மாதிரி ஒரு பொதுச்சொல். தானியத்தில் வடித்த கடும் சாராயம் ‘பாய்ஜியு’, அதாவது வெள்ளை மது. ஒயின் ‘புதாவ்ஜியு’, திராட்சை மது. ஆனால் ஜனங்கள் வாயில் அது பெரும்பாலும் ‘ஹோங்ஜியு’, சிவப்பு மது. ஒயின் என்றாலே சிவப்புதான் என்று மொழியே முடிவு செய்துவிட்டது. சிவப்பு கல்யாணத்துக்கும் புத்தாண்டுக்கும் உரிய நிறம். வெள்ளை துக்கத்தின் நிறம். வெள்ளை ஒயின் விற்க வந்தவர்கள் பல வருஷம் கையைப் பிசைந்துகொண்டு நின்றதற்கு நாக்கு மட்டும் காரணமல்ல.

ஆக ஒயின், பாய்ஜியு உட்கார்ந்திருந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டியிருந்தது. அந்த நாற்காலி விருந்து மேசையில் இருக்கிறது. சீன விருந்தில் யார் எங்கே உட்கார்வது, யார் யாருக்கு முதலில் கோப்பையை உயர்த்துவது, உயர்த்தும்போது யாருடைய கோப்பை விளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் முறை உண்டு. ‘கன்பெய்’ என்றால் கோப்பையைக் காலிசெய் என்று பொருள். மேலதிகாரி சொன்னால் கீழே உள்ளவன் குடித்தாக வேண்டும். இங்கே குடிப்பது தாகமோ ரசனையோ அல்ல, விசுவாசத்தின் நிரூபணம். மெல்ல மெல்ல உறிஞ்சிச் சுவைக்க வேண்டிய பானம் என்ற ஐரோப்பிய இலக்கணம் இந்த மேசைக்குப் பொருந்தவில்லை. ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஒயின் என்ற கணக்கும் பொருந்தவில்லை. மீன், இறைச்சி, காய், காரம் எல்லாம் ஒரே நேரத்தில் மேசையில் சுற்றிவரும் சாப்பாடு அது.

1990களில் சீனர்கள் சிவப்பு ஒயினில் ஸ்பிரைட் கலந்து குடித்ததை ஐரோப்பியப் பத்திரிகைகள் கேலி செய்தன. ஸ்பெயினின் பாஸ்க் பகுதி இளைஞர்கள் சிவப்பு ஒயினில் கோலா கலந்து குடிப்பது அங்கே சாதாரண வழக்கம். அதை யாரும் நாகரிகமின்மை என்று எழுதுவதில்லை. யார் கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது வழக்கமாகவோ அசிங்கமாகவோ ஆகிறது. பூர்தியூ சொன்ன ரசனை–வர்க்க உறவு தேசங்களுக்கிடையிலும் வேலை செய்கிறது.

4

இந்தச் சந்தையை யார் உண்டாக்கியது? அரசுதான். தியன்ஜினில் 1980 இல் பிரான்சின் ரெமி மார்தான் நிறுவனத்தோடு கூட்டாக ‘டைனஸ்டி’ ஆலை வந்தது. பெரிய திருப்பம் 1996 இல். தேசிய மக்கள் பேராயத்தில் பிரதமர் லீ பெங் பாய்ஜியுவுக்குப் பதில் சிவப்பு ஒயின் கோப்பையை உயர்த்தினார். பாய்ஜியுவுக்கு ஏகப்பட்ட சோளம் செலவாகிறது, தானியத்தை மிச்சப்படுத்த வேண்டும், ஒயின் உடம்புக்கும் நல்லது என்பது வாதம். பிரதமர் குடித்தால் மாகாணத் தலைவர் குடிப்பார், அவர் குடித்தால் மாவட்டம் குடிக்கும். அடுத்த இரண்டு வருஷம் ஒயின் மோகம் நாடெங்கும் பரவியது.

2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சீனா சேர்ந்தது. பாட்டில் ஒயின் மீதான சுங்கவரி 65 சதவீதத்திலிருந்து சில ஆண்டுகளில் 14 சதவீதமாக இறங்கியது. 2008 பிப்ரவரியில் ஹாங்காங் ஒயின் வரியை முழுதாக நீக்கியது, ஏலக் கம்பெனிகள் அங்கே குவிந்தன. 2010 அக்டோபரில் சாதபீஸ் ஏலத்தில் 1869 ஆம் ஆண்டு லஃபீத் மூன்று பாட்டில்கள், ஒவ்வொன்றும் 18 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் போயின. போர்தோவின் லஃபீத் ஆலை தன் 2008 ஆம் ஆண்டு பாட்டில்களில் சீன எழுத்தில் ‘எட்டு’ என்று பொறித்தது. எட்டு அதிர்ஷ்ட எண். அறிவிப்பு வந்ததுமே விலை ஏறியது. இத்தனைக்கும் உள்ளே இருந்த ஒயின் முதல்நாள் இருந்த அதே ஒயின்தான்.

போத்ரியாரைப் படித்தவர்களுக்கு இந்த இடம் லட்டு மாதிரி. பயன்மதிப்பும் போய், பரிவர்த்தனை மதிப்பும் போய், குறிமதிப்பு மட்டும் நிற்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதுவும் போதாது. குறி என்றால் யார் யாருக்குக் காட்டுகிற குறி? அங்கே போத்ரியாரைவிட மார்செல் மாஸ் உதவுகிறார். கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பியாக வேண்டும் என்ற மூன்று கட்டாயங்களால் ஆனது கொடை என்று 1925 இல் அவர் எழுதினார். நம்மூர் மொய் நோட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீனப் புத்தாண்டுக்கும் இலையுதிர்காலப் பௌர்ணமிப் பண்டிகைக்கும் அதிகாரிக்கு, மருத்துவருக்கு, முதலாளிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்டியில் ஒயின் இடம் பிடித்தது. கொடுப்பவருக்கு வேண்டியது, வாங்குபவர் அதன் விலையை ஒரே பார்வையில் கண்டுகொள்ள வேண்டும். லஃபீத் சீன வாயில் சுலபமாக நுழையும் பெயர், ஆகவே அது ஓடியது. பேஷ்வெல் ஒயினின் லேபிளில் உள்ள கப்பல் டிராகன் படகுபோலத் தெரிந்தது, அதுவும் ஓடியது. ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸுக்குச் சீனத்தில் ‘பென்ஃபூ’ என்று பெயர். செல்வத்தை நோக்கி ஓடு என்று அர்த்தம் வரும்.

இப்படி வாங்கப்பட்ட பாட்டில் பல சமயம் திறக்கப்படுவதே இல்லை. வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுப்பார், அவர் இன்னொருவருக்கு. காலியான லஃபீத் பாட்டிலுக்குக்கூட நல்ல விலை கிடைத்தது, போலி ஒயினை நிரப்புவதற்கு. போலி நெடுநாள் பிடிபடாமல் ஓடியதற்கு ஒரு காரணம், அதைத் திறந்து குடித்துப் பார்க்க வேண்டிய அவசியம் பலருக்கு இல்லாததுதான்.

இன்னொன்று. ஒரு நாட்டின் ‘குடிப்பு’ என்று அறிக்கைகளில் வருகிற எண், பெரும்பாலும் யார் வாயிலும் அளந்ததல்ல. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்தால் வருவது. கிடங்கில் தூங்குகிற பாட்டிலும், அதிகாரி வீட்டு அலமாரியில் நிற்கிற பாட்டிலும் அந்தக் கணக்கில் குடிக்கப்பட்டுவிட்டவை. 186 கோடி பாட்டில் என்று கேட்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

5

அரசு உண்டாக்கியதை அரசு அழித்தது. 2012 டிசம்பரில் ஷி ஜின்பிங் தலைமை, கட்சிக்காரர்களின் ஆடம்பர விருந்துகளையும் பரிசுகளையும் கட்டுப்படுத்தும் எட்டு அம்ச விதிகளைக் கொண்டுவந்தது. விலையுயர்ந்த ஒயினுக்கு விழுந்த முதல் அடி அது. 2025 மே மாதம் திருத்தப்பட்ட சிக்கன விதிகள் அரசு அலுவல் விருந்துகளில் மதுவையே தடை செய்தன.

இரண்டாவது அடி எல்லையில் விழுந்தது. 2013 இல் ஐரோப்பிய ஒன்றியம் சீன சூரியத்தகடுகள் மீது வரி போட்டதும், சீனா ஐரோப்பிய ஒயின் மீது விசாரணையை அறிவித்தது. சூரியத்தகடுக்கும் திராட்சைக்கும் என்ன சம்பந்தம்? பிரான்சுக்கு வலிக்கும் இடம் அது என்பதுதான் சம்பந்தம். சமரசமானதும் 2014 இல் விசாரணை முடிந்தது. ஆஸ்திரேலியா விஷயம் இன்னும் கடுமை. தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தால் 2019 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஒயினுக்குச் சுங்கவரி பூஜ்யமானது. 2020 ஏப்ரலில் கொரோனாவின் தோற்றம் குறித்துச் சுதந்திர விசாரணை வேண்டும் என்று ஆஸ்திரேலிய அரசு கேட்டது. அந்த நவம்பரில் அதன் ஒயின் மீது தற்காலிக வரி, 2021 மார்ச்சில் 116 முதல் 218 சதவீதம் வரை இறுதி வரி. வருஷத்துக்கு நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் நடந்த வியாபாரம் ஏறக்குறைய நின்றுபோனது. 2024 மார்ச் 29 அன்று வரி நீங்கியது. கப்பல்கள் திரும்பின. ஆனால் அந்த ஆண்டின் மொத்தக் குடிப்பு முந்திய ஆண்டைவிடவும் குறைவு.

‘சுதந்திரச் சந்தை’ என்கிற சொல்லாடலுக்கு இங்கே என்ன மிச்சம் இருக்கிறது? நுகர்வோர் மனம் மாறியதாக ஆய்வறிக்கைகள் எழுதின. மனம் மாறியது விருந்தளிப்பவருடையது. அவருக்கு மேலே உத்தரவு வந்தது, அவர் பாட்டிலை மறைத்துவைத்தார்.

6

இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் விலை கொடுத்தவர்களைப் பார்க்காமல் இதை வெறும் பண்பாட்டு வேடிக்கையாக எழுதிவிடக்கூடாது. போர்தோ என்றால் லஃபீத் மட்டுமல்ல. பேர்தெரியாத சிறு விவசாயிகள்தான் அங்கே பெரும்பான்மை. சீனச் சந்தையை நம்பி மலிவு ஒயின் அனுப்பியவர்கள் அவர்கள். பிரான்சிலேயே சிவப்பு ஒயின் குடிப்பது குறைந்து வந்ததும் சேர்ந்துகொள்ள, 2023 இல் போர்தோவில் 9,500 ஹெக்டேர் வரை கொடிகளைப் பிடுங்கி எறிய ஹெக்டேருக்கு 6,000 யூரோ மானியம் என்று திட்டம் வந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ரிவர்லாந்தில் சிவப்புத் திராட்சைக்குச் சாகுபடிச் செலவுகூடக் கிடைக்காமல் போனது. வாங்கியவரும் விற்றவரும் அரசுகள். அழுகியது இவர்கள் பழம்.

சீனாவுக்குள்ளேயே இறக்குமதிக்குப் போட்டியாக வந்திருப்பது நிங்ஷியா. ஹேலான் மலைக்கும் மஞ்சள் நதிக்கும் நடுவிலுள்ள வறண்ட நிலம். 2011 இல் லண்டனின் ‘டிகாண்டர்’ போட்டியில் அங்கத்திய ஒயின் ஒன்று சர்வதேசக் கோப்பை வாங்கியபின் பேர் பரவியது. குளிர் அங்கே கொடியையே கொன்றுவிடும். ஆகவே ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் கொடிகளை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வசந்தத்தில் மறுபடி தோண்டியெடுக்க வேண்டும். முதுகொடிக்கும் வேலை. கூலிக்குச் செய்கிறவர்களில் பலர், தெற்கிலுள்ள ஷிஹாய்கு மலைப்பகுதியின் வறுமையிலிருந்து அரசால் குடியமர்த்தப்பட்டவர்கள். அவர்களில் கணிசமானோர் ஹுய் முஸ்லிம்கள்.

பார்த் அல்ஜீரியாவைப் பற்றிச் சொன்னது இங்கே நினைவுக்கு வராமல் இருக்காது. இரண்டும் ஒன்றல்ல. இங்கே குடியேறி நிலம் பறித்த காலனியம் இல்லை, வறுமை ஒழிப்புத் திட்டம் இருக்கிறது, கூலி கிடைக்கிறது, பலர் வாழ்க்கை உயர்ந்தும் இருக்கிறது. ஆனால் தான் தொடாத பானத்துக்காகக் குனிந்து மண் அள்ளுகிற உடம்பு இரண்டு இடத்திலும் இருக்கிறது. சுதேசி என்பதால் மட்டும் அந்தக் கேள்வி தீர்ந்துவிடாது. சாங் பிஷியின் சுதேசி ஒயினுக்குப் பின்னால் அபினிக் குத்தகை இருந்ததைப் பார்த்தோம்.

7

சரி, இனி இறக்குமதி ஒயினுக்குச் சீனாவில் எதிர்காலமே இல்லையா? இருக்கிறது, ஆனால் சிறியது. பெருநகரங்களில் வேலைக்குப் போகும் இளையவர்கள், குறிப்பாகப் பெண்கள், மேலதிகாரியின் கன்பெய் மேசையை வெறுக்கிறார்கள். வீட்டில், நண்பர்களோடு, தனக்குப் பிடித்த அளவு குடிக்க விரும்புகிறார்கள். இவர்களிடம் வெள்ளை ஒயினும் நுரைக்கும் ஒயினும் மெல்ல இடம் பிடிக்கின்றன. இவர்கள் வாங்குவது யாருக்கும் கொடுக்க அல்ல, ஆகவே விலை குறைவு, பெயர் முக்கியமில்லை. கருந்திராட்சை வாசம், வனப்பழ வாசம் என்ற ஐரோப்பியச் சொற்கள் இவர்களுக்கு எதையும் உணர்த்துவதில்லை. உலர்ந்த இலந்தை, யாங்மெய் பழம், தேயிலை என்று சொன்னால் புரிகிறது. ஹாங்காங்கைச் சேர்ந்த ஜீனி சோ லீ போன்றவர்கள் ஆசிய உணவையும் ஆசியச் சுவைச் சொற்களையும் வைத்து ஒயினை விளக்க முயன்றது இந்தத் திசையில்தான். இது மொழிபெயர்ப்புப் பிரச்சினை, நாம் நன்றாக அறிந்த பிரச்சினை. தன் அனுபவத்திலிருந்து சொல் கிடைக்காதவரை கடன்வாங்கிய பொருள் கடன்வாங்கியதாகவே நிற்கும்.

ஒரு கடைசிச் செய்தி. சீன முதலீட்டாளர்கள் போர்தோ வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒயின் மாளிகைகளை வாங்கியிருக்கிறார்கள். 2017 இல் அவற்றில் சிலவற்றின் பழைய பெயர்களை மாற்றி ‘ராஜ முயல்’, ‘தங்க முயல்’, ‘திபெத்திய மான்’ என்ற பொருள்படப் புதுப் பெயர்கள் வைத்தார்கள். இதைக் கண்டித்து போர்தோ மேயருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவர் போர்தோவை ஒட்டிய பகுதியில் பிறந்த ஓர் எழுத்தாளர்: பிலிப் சோலர்ஸ். 1974 இல் பார்த்தோடு சீனாவுக்குப் போன அதே சோலர்ஸ்.

மனிதர் மாறிவிட்டார் என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அன்று புரட்சியின் பிம்பமாகச் சீனாவைப் பார்த்ததும், இன்று வாடிக்கையாளராகவோ பெயரைக் கெடுக்க வந்தவராகவோ சீனரைப் பார்ப்பதும் வெகுதூரத்தில் இல்லை. இரண்டிலும் சீனர் ஒரு தொகை. நூற்று நாற்பது கோடி என்று சொல்லும் வியாபாரியும் அதே தொகையைத்தான் எண்ணுகிறார். நாமும் ‘நுகர்வுக் கலாச்சாரம்’ என்று ஒரே வீச்சில் எழுதும்போது அதைத்தான் செய்கிறோம். யார் வாங்குகிறார், யாருக்குக் கொடுக்கிறார், யார் உத்தரவில் குடிக்கிறார், யார் கொடியைப் புதைக்கிறார் என்று தனித்தனியாகக் கேட்டால்தான் சந்தை என்பது என்னவென்று தெரியவரும். நம்முடைய விமர்சனம் அந்தக் கேள்விகளிலிருந்து தொடங்கட்டும்.